எந்தப் பக்கம் உட்கார? சபைக் குடும்பத்தில் வளரும் திருநர் பிள்ளையைப் புரிந்துகொள்ள

எங்கள் ஊர் ஆலயத்தின் நடுவில் ஒரு பாதை. பீடத்தைப் பார்த்து நின்றால் இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை பக்கம் இன்றும் நிறைய சபைகளில் இப்படித்தான். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. அம்மா மடியில் கொஞ்சம் தூங்கலாம், எழுந்து அப்பா பக்கம் ஓடலாம், காணிக்கைக்கு ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு திரும்பி வரலாம். எட்டு ஒன்பது வயதானதும் யாராவது ஒரு மாமி சொல்லிவிடுவார்: "இனி இவன் அப்பா கூட இருக்கட்டு, பெரிய பயலாயாச்சு."

பையன்களுக்குப் பொதுவாக அது பெருமை. எங்கள் வீட்டுப் பிள்ளை அன்று அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு விடவே இல்லை. பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, பிரசங்கம் தொடங்கியது. விரல் நுனி வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கிச் சுற்றியிருந்தது. அடம் என்று நினைத்து அம்மா தொடையில் கிள்ளினார். அந்தப் பிள்ளையை அப்போது தம்பி என்று கூப்பிட்டேன். இப்போது அவள் என் தங்கை.

அவளைப் பற்றித் தெரிந்த அம்மாமார் சிலர் என்னிடம் தனியாக வந்து கேட்பது உண்டு. "மக்ளே, அது என்ன விஷயம்? நோயா, பழக்கமா, யாராவது கெடுத்ததா?" ஆலயத்துக்கு வெளியே, குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். சில சமயம் அவர்கள் கேட்பது சொந்தப் பிள்ளைக்காகத்தான் என்பது பேச்சின் நடுவில் புரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சண்டே ஸ்கூல் டீச்சர்களும் படித்தால் நல்லது.

அடிப்படையிலிருந்து வருவோம். பிள்ளை பிறந்ததும் உடலைப் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ சொல்லி எழுதிவிடுகிறோம். அது வெளியிலிருந்து நாம் சொல்வது. மூன்று, நான்கு வயதுக்குள் பிள்ளைக்கு உள்ளேயிருந்தும் ஓர் அறிவு வந்துவிடுகிறது, தான் ஆண் என்றோ பெண் என்றோ. இதற்குத்தான் பாலின அடையாளம் என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் உள்ளே அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்துவிடுகிறோம். சில பிள்ளைகளுக்கு இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஆண் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக அறிகிறவள் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு, தன்னை ஆணாக அறிகிறவன் திருநம்பி. இருவருக்கும், ஆண் பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர்களுக்கும் பொதுவான சொல் திருநர்.

இது ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் எதையும் மருத்துவம் சொல்வதில்லை. ஆனால் இது வளர்ப்பால் வருவதில்லை. அம்மா செல்லம் கொடுத்தது, அப்பா வளைகுடாவில் இருந்தது, அக்காவின் பாவாடையை விளையாட்டுக்குப் போட்டுவிட்டது, எதுவும் காரணமில்லை. கடைசியாகச் சொன்னது நான் செய்தது. பல வருஷம் அதை நினைத்து உள்ளுக்குள் அழுதிருக்கிறேன்.

இதோடு சேர்த்துக் குழப்பப்படுகிற இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று இடைபாலினம். அது உடலைப் பற்றியது: குரோமோசோமோ, உறுப்போ, ஹார்மோனோ ஆண், பெண் என்ற வழக்கமான இரண்டில் அடங்காமல் பிறப்பது. அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு அவசரப்பட்டு அறுவை செய்து 'சரிப்படுத்தும்' வழக்கத்தை, உயிருக்கு ஆபத்து உள்ள நிலை தவிர, தமிழ்நாடு அரசு 2019-இல் தடை செய்தது. மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் தீர்ப்பைத் தொடர்ந்து வந்த அரசாணை அது. இன்னொன்று, யார் மீது ஈர்ப்பு என்பது. அது முற்றிலும் வேறு கேள்வி. என் தங்கை ஒன்பது வயதில் முந்தானையை விடாமல் பிடித்தபோது அவளுக்குக் காதலும் தெரியாது, ஒன்றும் தெரியாது. தன் இடம் எது என்று மட்டும் தெரிந்திருந்தது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பூ வைக்க ஆசைப்படுகிற பையன் எல்லாம் திருநங்கை இல்லை. மரம் ஏறுகிற, கிரிக்கெட் விளையாடுகிற பெண் எல்லாம் திருநம்பி இல்லை. விளையாட்டும் விருப்பமும் வேறு. "நான் இப்படி இருக்க ஆசைப்படுகிறேன்" என்று இல்லாமல் "நான் இதுதான்" என்று பிள்ளை வருஷக்கணக்காக ஒரே மாதிரி சொல்லும். அடித்தாலும் மாறாது. அடித்தால் சொல்வதை நிறுத்தும், அவ்வளவுதான்.

உள்ளே இருப்பதும் வெளியே நடப்பதும் மோதும்போது வருகிற வேதனை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் கொயர் கதையைச் சொல்வேன். எங்கள் கொயரில், அதாவது ஆலயப் பாடகர் குழுவில், அவள் ஆல்ட்டோ என்ற பெண்குரல் பகுதியைப் பாடிக்கொண்டிருந்தாள், அக்காமாருக்கு நடுவில் நின்று. பதின்மூன்று வயதில் குரல் உடைந்தது. கொயர் மாஸ்டர் நல்ல மனுஷன், சந்தோஷமாகத்தான் சொன்னார்: "சரி, இனி அந்தப் பக்கம் போ, டெனருக்கு ஆள் இல்லாமக் கெடக்கு." டெனர் என்றால் ஆண்களின் குரல். அடுத்த வாரத்திலிருந்து அவள் ஆலயத்தில் வாய் திறக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவாள், உதடு அசையாது. மற்றபடி பாட்டு அவளை விட்டுப் போகவில்லை. அப்பா விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போகும்போது டார்ச் பிடிக்கக் கூடப் போவாள். வெட்டுகிற கத்தியின் கிரீச் சத்தத்துக்கு இடையில், தூரத்து வரிசையில், மெல்லிய பொய்க்குரலில் பழைய ஆல்ட்டோவைப் பாடுவாளாம். அப்பா இதை எங்களிடம் சொன்னது எத்தனையோ வருஷம் கழித்துத்தான். "கேட்டேன் மக்ளே. கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

பதின்ம வயது எல்லாப் பிள்ளைகளுக்கும் கடினம்தான். திருநர் பிள்ளைக்கு உடலே தினமும் ஒரு படி எதிர்ப்பக்கம் நகர்கிறது. அந்த வயதில் படிப்பு சரிவது, பேச்சு குறைவது, கண்ணாடி பார்க்க மறுப்பது எல்லாம் திமிரால் வருவதில்லை. திருநம்பிப் பிள்ளைகளுக்கு மாதவிடாயும் மார்பு வளர்ச்சியும் இதே அடி. அவர்களைப் பற்றி நம் ஊரில் பேச்சே கிடையாது. கான்வென்ட் ஹாஸ்டலில் முடி வெட்டிக்கொண்டதற்கு ஒரு திட்டு, பிறகு நர்ஸிங், இருபத்திரண்டு வயதில் மாப்பிள்ளையும் சீதனப் பேச்சும் என்று வாழ்க்கை ஓடிவிடும். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி இரண்டு குடும்பங்களை உடைத்த வீடுகள் இருக்கின்றன.

சரி, எல்லா ஊரிலும் இது கடினம்தானே, கன்னியாகுமரி மாவட்டத்துச் சபைக் குடும்பத்தில் என்ன தனிக் கடினம்? 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806-இல் ஊழியம் தொடங்கிய காலத்திலிருந்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை என்று எல்லாம் ஆலயத்தைச் சுற்றியே வளர்ந்த மண் இது. கடற்கரையில் அதைவிட நெருக்கம்; அங்கே ஊரும் பங்கும் (ஒரு பங்குத்தந்தையின் கீழ் உள்ள சபை) ஒன்றுதான். ஞானஸ்நானப் பெயர் சபைப் பதிவேட்டில் இருக்கிறது. சண்டே ஸ்கூல், மே மாத வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதப்பள்ளி, கிறிஸ்துமஸ் கேரல், திடப்படுத்தல், வாலிபர் சங்கம், கல்யாண ஓலை, கடைசியில் கல்லறைத் தோட்டம் என்று எல்லாமே அங்கேதான். ஒவ்வொன்றிலும் ஆணா பெண்ணா என்ற கேள்வி வந்து நிற்கும். என் அம்மாவை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்த கேள்வி ஒன்று உண்டு: "நாளைக்கு எம்பிள்ளைக்கு கல்லறையில இடம் குடுப்பாங்களா?" உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பற்றி ஒரு தாய் இப்படிக் கேட்கிறாள் என்றால், சபை என்பது எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று புரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்து இந்து வீட்டுப் பிள்ளைக்கு, திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்ளும் கூவாகம் கூத்தாண்டவர் கதையாவது காதில் விழுந்திருக்கும். ஏற்பு அங்கேயும் கிடையாது, அது வேறு. ஆனால் 'என்னைப் போல ஒருவர் உலகத்தில் முன்பும் இருந்தார்' என்று சொல்ல ஒரு கதை இருக்கிறது. சண்டே ஸ்கூலில் வளர்ந்த பிள்ளைக்கு அது கூட இல்லை. அது கேட்டது ஆதியாகமத்தின் "ஆணும் பெண்ணுமாக" என்ற வார்த்தையும், பள்ளிக்கூட மைதானத்தில் 'ஒம்பது' என்ற கூச்சலும்தான். தன்னைக் குறிக்கிற முதல் சொல்லே வசவாகக் கிடைக்கும் பிள்ளை, தான் தேவனுடைய தவறு என்று நம்பிவிடுகிறது.

இனி எங்கள் வீடு செய்த தவறு. பதினைந்து வயதில் அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா முதலில் அழுதார், பிறகு அவளை ஒரு ஜெப வீட்டுக்குக் கூட்டிப்போனார். மூன்று நாள் உபவாசம். தலையில் கை வைத்து, உள்ளே இருக்கும் ஆவியை வெளியேறச் சொல்லி, மணிக்கணக்கில். நானும் கூட இருந்தேன், கண்ணை மூடி "ஆமென்" சொன்னேன். மூன்றாம் நாள் ராத்திரி அவள் "போயிட்டு" என்றாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அக்கா, பசி தாங்கல. அதான் அப்படிச் சொன்னேன்." பத்தொன்பது வயதில் அவள் வீட்டை விட்டுப் போனதற்கு விதை அந்த மூன்று நாள்தான் என்று நான் நம்புகிறேன்.

ஜெபத்தைக் குறை சொல்ல மாட்டேன். அவளும் இன்றும் ஜெபிக்கிறவள்தான். பிள்ளையைப் பேயாக நினைத்துச் செய்யும் ஜெபம் பிள்ளையை உடைக்கும் என்பதைத்தான் சொல்கிறேன். மருத்துவத்தின் நிலைப்பாடும் தெளிவு. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் திருநராக இருப்பதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளையை 'மாற்றுகிறேன்' என்று சொல்லும் சிகிச்சைக்கு எதிராக 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அதாவது மாற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு டாக்டர் சொன்னால், தப்பு செய்வது அந்த டாக்டர்.

அப்புறம் வசனம். நம் வீடுகளில் இது தீராமல் எதுவும் தீராது. முதலில் எடுத்துக் காட்டப்படுவது உபாகமம் 22:5. ஆணின் உடையைப் பெண்ணும் பெண்ணின் உடையை ஆணும் உடுத்தக் கூடாது என்பது. அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே வாருங்கள். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும், திராட்சைத் தோட்டத்தில் வேறு விதை கலந்து விதைக்கக் கூடாது, இரண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தக் கூடாது என்று வருகிறது. இவற்றை அந்தக் காலத்து இஸ்ரவேலருக்குச் சொன்னது என்று கடந்துபோகிற நாம், ஐந்தாம் வசனத்தில் மட்டும் ஏன் நின்றுவிடுகிறோம் என்று ஒரு முறையாவது கேட்டுக்கொள்ள வேண்டும். சுடிதாருக்கும் இதே வசனத்தைக் காட்டித் திட்டியவர்கள் இருந்தார்கள். இன்று அதே ஆலயங்களில் சுடிதார் போட்ட பெண்கள் வேதபாடம் வாசிக்கிறார்கள்.

என் தங்கைக்குப் பிடித்தது வேறு இடம். ஏசாயா 56. "இதோ, நான் பட்டமரம்" என்று அண்ணகன், அதாவது ஆண்மையற்றவன், சொல்ல வேண்டாம் என்கிறார் கர்த்தர். குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உள்ளதைவிட மேலான இடத்தையும் நித்திய நாமத்தையும் தன் ஆலயத்திலேயே அவர்களுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார். மத்தேயு 19:12-இல் இயேசுவும் அண்ணகரைப் பற்றிப் பேசுகிறார், தாயின் வயிற்றிலிருந்தே அப்படிப் பிறந்தவர்கள் உண்டு என்று. அண்ணகரும் திருநங்கையும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. காலமும் நிலைமையும் வேறு. ஆனால் ஆண் பெண் என்ற வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதர்கள் வேதத்தில் இல்லவே இல்லை என்பது உண்மையில்லை.

அப்போஸ்தலர் 8-இல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியரை நம் பழைய மொழிபெயர்ப்பில் 'மந்திரி' என்றுதான் படித்திருப்போம். மத்தேயுவில் 'அண்ணகர்' என்று வரும் அதே கிரேக்கச் சொல்தான் அங்கேயும் இருக்கிறது. தமிழில் அது மந்திரியாகிவிட்டதால், "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று அவர் கேட்ட கேள்வியின் கனம் நமக்குத் தெரியாமலே போய்விட்டது. இதை நான் முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்று அந்தப் பக்கத்தை மூடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வசனங்களால் வாதம் முடிந்துவிடாது. சபைகள் ஒரே குரலில் பேசவும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையையே எடுத்துக்கொண்டால், திருநர் மற்றவர்களைப் போலவே ஞானஸ்நானம் பெறலாம், மற்ற விசுவாசிகளிடையே இடறல் உண்டாக்காத சூழல் வேண்டும் என்று 2023-இல் வத்திக்கான் சொன்னது. அதே வத்திக்கான் 2024-இல் வெளியிட்ட ஆவணம் பாலின மாற்ற சிகிச்சையை எதிர்க்கிறது. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, முழுதாகத் திறக்கவில்லை. ஆனால் போதகர்களும் பங்குத்தந்தைகளும் முடிவுக்கு வரும்வரை பிள்ளையை வீட்டுக்கு வெளியே நிறுத்திவைக்க முடியாது.

உடையைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் தோள்சீலைப் போராட்டம் ஞாபகம் வரும். நம் பாட்டிமார்களின் பாட்டிமார் மார்பை மறைத்து உடுத்துவதே குற்றம் என்றிருந்த நாடு இது. குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டதற்காக அடி வாங்கினார்கள், மேலாடை கிழிக்கப்பட்டது, ஆலயங்கள் எரிக்கப்பட்டன. 1820-களிலிருந்து அலை அலையாக நடந்த போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலையில்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. அன்று எதிர்த்தவர்கள் சொன்னதும் 'வழக்கம்', 'மரியாதை', 'அவரவர் நிலை' என்பதைத்தான். அது சாதிக் கொடுமை, இது வேறு. இருந்தாலும், உடம்பில் எதைப் போட வேண்டும் என்று ஊர் முடிவு செய்வது எப்படி இருக்கும் என்று நம் சபைக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிள்ளை வந்து சொன்னால் என்ன செய்வது? பதில் தெரியவேண்டும் என்று இல்லை. "சொன்னதுக்குச் சந்தோஷம் மக்ளே, எனக்குப் புரிய கொஞ்ச நாள் ஆகும்" என்றாலே போதும், பாதிக் காரியம் முடிந்தது. சொந்தக்காரர்களிடம் நீங்களாகப் போய்ச் சொல்லாதீர்கள். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் கூட வேண்டாம். அது பிள்ளையின் செய்தி, எப்போது யாரிடம் என்று பிள்ளைதான் சொல்லவேண்டும். வீட்டுக்குள்ளேயாவது பிள்ளை கேட்கிற பெயரில் கூப்பிடுங்கள். முடி, உடை, பெயர், இவை எதுவும் திரும்ப முடியாத பாதை இல்லை. ஹார்மோன் பற்றிப் படித்த டாக்டரிடம் நிதானமாகக் கேட்கலாம், அறுவை சிகிச்சை பெரியவர்களானபின் அவர்களே எடுக்கும் முடிவு. எல்லோரும் அதைச் செய்துகொள்வதும் இல்லை, செய்தால்தான் திருநங்கை என்பதும் இல்லை. குடும்பம் ஏற்றுக்கொண்ட பிள்ளைகளிடம் உயிரை மாய்க்கும் எண்ணம் குறைவாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. பிள்ளை வாழ்க்கை வெறுத்துப் பேசினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் கூப்பிடலாம். வீட்டிலோ பள்ளியிலோ அடி உதை என்றால் 1098, குழந்தைகள் உதவி எண்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தந்த நால்சா தீர்ப்பு (தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கு), தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை அங்கீகரித்தது, அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2008-இல், திருநங்கையர் நலவாரியம் வந்துவிட்டது. மத்திய அரசின் 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில், திருநர் என்பதற்காக நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றும், வீட்டையோ ஊரையோ விட்டுப் போகச் செய்வது தண்டனைக்குரிய குற்றம் என்றும் எழுதினார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 22,364 பேர்தான் ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' என்று பதிவானார்கள். சொல்லப் பயந்தவர்களைச் சேர்த்தால் இது எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

தங்கை வீட்டுக்குத் திரும்பி நான்கு வருஷம் ஆகிறது. ஆலயத்துக்கு முதலில் வராமல்தான் இருந்தாள். பிறகு வாசல் பக்கம், செருப்பு விடும் இடத்தில் நின்று பாட்டு மட்டும் கேட்டுவிட்டுப் போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுந்து போய் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, தன் பக்கத்தில் உட்காரவைத்தார். இரண்டு பேர் வேறு பெஞ்சுக்கு மாறிப் போனார்கள். ஒரு மாமி தன் பாட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்து, இருவருக்கும் தெரிகிற மாதிரி விரித்தார்.

போன அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அவள் ஒரு மட்டிப் பழக்குலைக்குக் கேட்டாள். முந்நூறு, முந்நூற்றைம்பது என்று ஏறி, அவளுக்கே விழுந்தது. ரசீது எழுதும் கமிட்டி அண்ணன் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்தவர். பதிவேட்டில் உள்ள பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரசீதுப் புத்தகத்தையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"பேரு என்ன எழுதட்டு மக்ளே?"

சொன்னாள். எழுதினார், கிழித்துக் கொடுத்தார். குலையை நான்தான் தூக்கிவந்தேன். அவள் இரண்டு கையிலும் ரசீதைப் பிடித்திருந்தாள்.